மடல்வழி மருத்துவம்

உடல்நலம் குன்றினால் நாம் மருத்துவரிடம் செல்கின்றோம். அவர் நாடியைப் பார்க்கின்றார். நாவை நீட்டச் சொல்கின்றார். மார்பில் கருவியை வைத்து உள்ளே எழும் ஒலியைக் கேட்கின்றார். வேண்டுமாயின் குருதியையும் சோதிக்கச் செய்கின்றார். இவற்றிற்கெல்லாம் முன்னதாக அவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றார். "உடம்புக்கு என்ன?" என்பதே அக்கேள்வி. அதற்கு நாம் கூறும் விடையைப் பெரிதாக எண்ணுவதில்லை. கருவிகள் எல்லாவற்றையும் கண்டுகொள்ளும் என்று இருந்துவிடுகின்றோம். ஆனால், அந்த விடை ஒன்றையே நம்பி மருத்துவம் நடந்த காலமும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகளில் வாழ்ந்த நோயாளிகள் பலர், தம் மருத்துவரின் முகத்தை ஒருமுறையேனும் கண்டவர் அல்லர். தம் நோயைக் கடிதத்தில் எழுதி அனுப்பினர். மருத்துவரும் கடிதத்திலேயே மருந்து எழுதி அனுப்பினார். அக்கடிதங்களைப் பற்றி எண்ணுந்தோறும், மனிதன் தன் துன்பத்தைச் சொல்லத் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய கல்வி என்று எனக்குத் தோன்றுகின்றது.

உடம்பைப் பாராமல் நோயை அறிவது எங்ஙனம் என்று நீங்கள் வினவலாம். அக்காலத்து மருத்துவ நிலையை எண்ணிப் பார்த்தால் அந்த ஐயம் நீங்கும். மார்பொலி கேட்க உதவும் ஸ்டெதாஸ்கோப்பைப் பிரெஞ்சு மருத்துவர் லேனெக் 1816-ஆம் ஆண்டில்தான் கண்டுபிடித்தார். காய்ச்சலை அளக்கும் சிறிய வெப்பமானி, அதற்கும் ஐம்பது ஆண்டுகள் கழித்தே வழக்கிற்கு வந்தது. 18-ஆம் நூற்றாண்டு மருத்துவர் நாடியைப் பார்த்தார்; நாவைப் பார்த்தார்; சிறுநீரின் நிறத்தை நோக்கினார். மற்றவற்றையெல்லாம் நோயாளியின் சொல்லைக் கொண்டே அறிந்தார். ஆதலின், நேரில் வந்தவனுக்கும் கடிதம் எழுதியவனுக்கும் இடையே பெரிய வேற்றுமை இருக்கவில்லை. ஒருவன் வாயால் சொன்னதை மற்றொருவன் கையால் எழுதினான், அவ்வளவே. மேலும், பெயர் பெற்ற மருத்துவர்கள் பெருநகரங்களில் இருந்தனர். குதிரையிலும் வண்டியிலும் பல நாள் செல்வதை நோயுற்ற உடம்பு தாங்காது. நோயாளி செல்ல இயலாத வழியில் அவன் கடிதம் சென்றது.

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரம் அந்நாளில் மருத்துவக் கல்விக்குப் புகழ் பெற்றிருந்தது. அந்நகரத்துப் பல்கலைக்கழகத்திற்கு 1755-ஆம் ஆண்டில் பேராசிரியராக வந்தவர் வில்லியம் கல்லன். அவரிடம் பயின்ற மாணவர்கள் பல நாடுகளிலும் பரவியிருந்தனர். அவர் பெயர் பரவப் பரவ அவருக்கு வந்த கடிதங்களும் பெருகின. கடல் கடந்த நாடுகளிலிருந்தும் மக்கள் அவருக்கு எழுதினர். கல்லன் தமக்கு வந்த கடிதங்களைப் போற்றிக் காத்தார். தாம் எழுதிய விடைகளையும் படியெடுத்து வைத்தார். தொடக்கத்தில் எழுத்தர்கள் அவற்றைக் கையால் படியெடுத்தனர். பின்னர், நீராவிப் பொறியால் பெயர் பெற்ற ஜேம்ஸ் வாட் 1780-ஆம் ஆண்டில் படியெடுக்கும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மை நன்கு உலர்வதற்கு முன் கடிதத்தின்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால், எழுத்துகள் அத்தாளில் பதியும். தாளின் மறுபுறத்திலிருந்து அவற்றைப் படிக்கலாம். கல்லன் மறு ஆண்டே அப்பொறியைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1790-ஆம் ஆண்டில் அவர் இறந்தபின்னும் அவை அழியவில்லை. ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட அக்கடிதங்கள் எடின்பரோ மருத்துவர் கழகத்தில் உள்ளன. 2015-ஆம் ஆண்டு முதல் அவற்றை இணையத்திலும் எவரும் படிக்கலாம்.

அக்கடிதங்களில் ஒரு சமுதாயமே பேசுகின்றது. கணவன் மனைவிக்காக எழுதுகின்றான். தந்தை மகனுக்காக எழுதுகின்றான். தம் அறிவுக்கு எட்டாத நோயைப் பற்றிச் சிற்றூர் மருத்துவர் எழுதுகின்றார். தம்மை நாடி வந்தவருக்காகப் பாதிரியார் எழுதுகின்றார். வயிற்று வலி, மூட்டு வலி, மூச்சுத் திணறல், உறக்கமின்மை, காரணம் தெரியாத மனச்சோர்வு என்று எத்தனையோ துன்பங்கள்! பிறர் முன்னிலையில் நா எழாத செய்திகளைத் தாளில் எழுதுவது பலருக்கு எளிதாக இருந்தது. கல்லன் எழுதிய விடைகளில் மருந்தின் பெயர் மட்டும் இல்லை. எதை உண்ண வேண்டும், எதை விலக்க வேண்டும், குளிரிலிருந்து உடம்பை எவ்வாறு காக்க வேண்டும், எவ்வளவு நேரம் குதிரை ஏறி உலவ வேண்டும் என்றெல்லாம் அவர் எழுதினார்.

கல்லனின் உதவியை நாடியவர்களுள் ஒருவர் ஆங்கில அகராதி இயற்றிய அறிஞர் சாமுவேல் ஜான்சன். 1783-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் நாள் விடியற்காலையில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. நா அசையவில்லை; பேச்சு நின்றுவிட்டது. வாழ்நாள் முழுதும் சொற்களை ஆராய்ந்து பொருள் வரைந்த பெருமகனுக்கு ஒரு சொல்லும் வாயினின்று எழவில்லை! ஜான்சன் கலங்கினார், எனினும், அறிவும் கெட்டுவிட்டதோ என்று தம்மைத் தாமே சோதிக்க எண்ணினார். இலத்தீன் மொழியில் ஓர் இறை வேண்டுதலைச் செய்யுளாக இயற்றிப் பார்த்தார். செய்யுள் சிறப்பாக அமையவில்லை. ஆனால், அது சிறப்பாக இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஆகவே, அறிவு கெடவில்லை என்று தெளிந்தார். பின்னர், அண்டை வீட்டு நண்பருக்குக் கடிதம் எழுதினார். கை தவறான எழுத்துகளை எழுதியது; ஆயினும் விடாது எழுதி முடித்தார். இலண்டன் மருத்துவர் ஹெபர்டனும் மற்றொருவரும் வந்து மருத்துவம் செய்தனர். சில நாளில் பேச்சு திரும்பியது. மறு ஆண்டு மூச்சுத் திணறலும் உடல் வீக்கமும் அவரை வருத்தியபோது, அவருடைய நண்பர் பாஸ்வெல் எடின்பரோவில் இருந்த கல்லனுக்கும் வேறு சில மருத்துவர்களுக்கும் கடிதம் எழுதி அறிவுரை கேட்டார். அவர்கள் அன்போடு விடை எழுதினர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஜான்சன் இறந்தார்.

கற்றவருக்குக் கடிதம் எழுதத் தெரியும். கல்லாத உழவன் என் செய்வான்? இவ்வினா சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரத்தில் வாழ்ந்த மருத்துவர் திசோவின் உள்ளத்தில் எழுந்தது. அவர் 1761-ஆம் ஆண்டில், பொதுமக்களின் உடல்நலம் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. மருத்துவர் இல்லாத சிற்றூர்களில் ஏழைகளுக்கு உதவக்கூடிய பாதிரியார், பள்ளி ஆசிரியர் முதலியோரை எண்ணியே அவர் அந்நூலை எழுதினார். மருத்துவருக்கு எழுதுமுன் நோயாளியிடம் கேட்டறிய வேண்டிய கேள்விகளையும் அதில் வரிசைப்படுத்தித் தந்தார். வயது என்ன? முன்பு உடல்நலத்தோடு இருந்தாரா? நோய் எப்போது, எவ்வாறு தொடங்கியது? காய்ச்சல் உண்டா? வலி எங்கே? நாக்கு உலர்ந்துள்ளதா? தாகம் உண்டா? உறக்கம் எப்படி? இவ்வாறு அவ்வரிசை செல்கின்றது. இன்றும் நம் மருத்துவர் கேட்கும் கேள்விகள் இவை அல்லவா? திசோவுக்கு வந்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட கடிதங்கள் லோசான் நூலகத்தில் இன்றும் உள்ளன.

இம்முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. கடிதம் போய் விடை வருவதற்குள் நோய் மாறிவிடக்கூடும். திடீரென்று தாக்கும் கொடிய நோய்க்கு இது பயன்படாது. நாட்பட்ட நோய்க்கே ஏற்றது. மேலும், குருதியை வெளியேற்றுவதும் பேதிக்குக் கொடுப்பதும் அக்காலத்தில் பெரும் மருத்துவமாக எண்ணப்பட்டன. கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று இல்லை. எவ்வளவு அன்போடு விடை எழுதினாலும், பல நோய்களைத் தீர்க்கும் ஆற்றல் அம்மருத்துவர்களுக்கு இல்லை. அவ்வாறாயின், அக்கடிதங்களால் விளைந்த நன்மைதான் என்ன? இதற்கு ஒரு கடிதத்தையே விடையாகக் கூறலாம்.

ஜான்சனுக்கு மருத்துவம் செய்தவர் என்று மேலே கூறிய ஹெபர்டன், நெஞ்சை நெரிப்பது போல வலிக்கும் ஒரு நோயைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அது 1772-ஆம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. அதன் சுருக்கத்தை ஓர் இதழில் படித்த ஒருவர், அதே நோய் தமக்கும் இருப்பதை உணர்ந்தார். உடனே ஹெபர்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கீழே தம் பெயரைக் குறிக்கவில்லை. தமக்கு வயது ஐம்பத்திரண்டு நடக்கின்றது என்றும், நடக்கும்போது இடக்கையில் வலி தோன்றுகின்றது என்றும் எழுதினார். சில வேளைகளில் உடம்பின் இயக்கமெல்லாம் மூன்று நான்கு நொடி நின்றுவிடுவது போலவும், பிறகு இதயத்தில் ஓர் அதிர்ச்சி எழுவது போலவும் தோன்றும் என்றார். அவ்வதிர்ச்சி எத்தகையது? உடம்பில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் தொங்கும் சிறு எடை மேசையிலிருந்து விழுந்து, தரையைத் தொடுமுன் சட்டென நின்றால் எப்படி இருக்குமோ அப்படி என்று விளக்கினார். தாம் திடீரென்று இறக்க நேரிட்டால், அச்செய்தியை ஹெபர்டனுக்கு அறிவிக்க வேண்டும் என்றும், காரணத்தை அறியத் தம் உடலை அறுத்துப் பார்க்கலாம் என்றும் உயிலில் எழுதி வைத்திருப்பதாகவும் தெரிவித்தார்.

மூன்று வாரம் நிறைவதற்குள் அவர் இறந்தார். அவர் விருப்பப்படியே, புகழ் பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் அவ்வுடலைச் சோதித்தார். இதயத்தில் குறை ஒன்றும் புலப்படவில்லை. அச்சோதனையை உடனிருந்து கண்ட மாணவர் எட்வர்டு ஜென்னர். பிற்காலத்தில் அம்மைக் குத்தும் முறையை உலகிற்கு அளித்தவர் அவரே. ஆண்டுகள் கழிந்தன. இதே நோயால் இறந்த வேறொருவரின் இதயத்தை ஜென்னர் அறுத்தபோது, கத்தி கரகரவென்று எதன்மீதோ உராய்ந்தது. பழைய கூரையிலிருந்து சுண்ணாம்புக் காரை உதிர்ந்து விழுந்ததோ என்று அவர் மேலே பார்த்தார். காரை விழவில்லை. இதயத்திற்குக் குருதி தரும் நாளங்களே எலும்பு போல் இறுகியிருந்தன! முன்னர் நடந்த சோதனையில் அந்நாளங்களை ஒருவரும் பார்க்கவில்லை என்பது அவர் நினைவுக்கு வந்தது. அதற்குள் அவருடைய ஆசிரியர் ஹண்டருக்கே அந்நோய் தோன்றியிருந்தது. ஆசிரியர் மனம் வருந்தும் என்று அஞ்சி, அவர் உயிரோடு இருந்த வரையில் ஜென்னர் தம் கருத்தை வெளியிடவில்லை. 1793-ஆம் ஆண்டில் ஹண்டர் அந்நோயாலேயே இறந்தார். 1799-ஆம் ஆண்டில் ஜென்னரின் நண்பர் பேரி எழுதிய நூலின் வாயிலாக அக்கருத்து வெளிவந்தது.

பெயர் எழுதாத அம்மனிதர் ஹெபர்டனிடம் மருந்து பெற்று உயிர் பிழைக்கவில்லை. ஆனால், தம் துன்பத்தை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் எழுதினார். தமக்கு உதவாத உண்மை பிறருக்கு உதவட்டும் என்று தம் உடலையும் அளித்தார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் மருத்துவ வரலாற்றில் அக்கடிதம் நிலைத்து நிற்கின்றது.

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்ற வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என அவற்றை எண்ணும்போது நோயாளியையே முதலில் வைத்தார். நோயாளிக்கும் மருத்துவத்தில் கடமை உண்டு. உள்ளதை உள்ளபடி சொல்லுதலே அவனது முதற்கடமை. இன்று மருத்துவரோடு தொலைபேசியில் பேசலாம். திரையில் முகம் பார்த்தும் பேசலாம். வழிகள் மாறியுள்ளன, கடமை மாறவில்லை. நாணத்தால் ஒன்றை மறைப்பவனும், அச்சத்தால் ஒன்றைப் பெருக்கிச் சொல்பவனும் தம் மருத்துவரின் கண்ணைத் தாமே கட்டிவிடுகின்றனர். வலி எங்கே தொடங்கியது, எப்போது மிகுந்தது, எதைப் போன்றது என்று தெளிவாகச் சொல்பவன் தன் மருத்துவத்தில் தானும் பங்கு கொள்கின்றான். அவ்வாறு சொல்வதற்கு மொழியறிவு வேண்டும். அதனினும் மிகுதியாக வாய்மை வேண்டும்.