யார் யாரை அழைக்கிறார்கள்?

திருவனந்தபுரத்தின் டெக்னோபார்க் 1990இல் தொடங்கியது. அதைவிட மூத்த சி நிரல்களும் இங்கே எங்கள் கைக்கு வருவதுண்டு. கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இந்த ஃபங்ஷனை மாற்றினால் எங்கெங்கே இடிக்கும்?"

கிரெப் போட்டுத் தேடலாமே என்பார்கள். பெயரும் அடைப்புக்குறியும் சேர்ந்து வந்தால் கிரெப் பிடித்துவிடும். ஆனால் கமென்டில் இருப்பதையும், அறிவிப்பையும், சைஸ்ஆஃப்பையும் சேர்த்தே அள்ளிவரும். ஆகவே நான் நாடுவது எலி பெண்டர்ஸ்கி பைத்தானில் எழுதிய பைசிபார்சரை. ப்ரீபிராசசர் வழியாக வந்த நிரலை அது தொடரியல் மரமாக்கித் தருகிறது. ஒவ்வொரு அழைப்பும் அந்த மரத்தில் 'ஃபங்க்கால்' என்றொரு கணு. அந்தக் கணுவைக் கண்டால் என்ன செய்வது என்று, மரத்தைச் சுற்றிவரும் விசிட்டரில் ஒரு மெத்தட் எழுதினால் போதும், பட்டியல் தயார். பார்க்க அவ்வளவு சுலபம்!

சேமி(படி(கோப்பு)) என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மெத்தட்டை நாம் எழுதிய கணத்திலிருந்து, கணுவுக்குள் இறங்கும் பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது. இறங்கச் சொல்ல மறந்தால் 'சேமி' பட்டியலில் வரும், 'படி' வராது. ஆர்குமென்டுகளுக்குள் மட்டும் இறங்குவோர் உண்டு. எல்லாக் கிளைகளிலும் இறங்குவதே என் கட்சி. ஏனென்றால், ஓர் அழைப்பு திருப்பித் தரும் பாயின்டரை அங்கேயே அழைக்கும் விநோதமான வரிகளையும் பழைய நிரல்களில் பார்க்கலாம்; அங்கே உள்ளிருக்கும் அழைப்பு ஆர்குமென்டுகளில் இருக்காது.

அடுத்தது, அழைக்கப்படும் ஃபங்ஷனின் பெயர். நேரடி அழைப்பில் அது ஒரு சரம். நட்சத்திரம் போட்ட பாயின்டர் வழியாக அழைத்தால் அங்கே பெயரே இருக்காது. பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். நல்லதுதான். ஸ்ட்ரக்சரின் உறுப்பு வழியாக அழைத்தாலோ பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கணு உட்கார்ந்திருக்கும். சரத்தோடு ஒப்பிட்டால் பொருந்தாது, பிழையும் வராது. அந்த அழைப்பு சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். எனக்குப் பயம் இந்த ரகத்திடம்தான்.

(ஃபோர்ட்ரான்காரர்கள் பாடு இன்னும் சிரமம். அங்கே அணியின் உறுப்பும் ஃபங்ஷன் அழைப்பும் ஒரே மாதிரி எழுதப்படும். அறிவிப்பைப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும்.)

பாயின்டர் வழி அழைப்புகளை 'இலக்கு தெரியாதவை' என்று தனிப் பத்தியில் எழுதிவிடுகிறேன். பிறகு மரத்தில் இன்னொரு சுற்று: அழைக்கப்படாமல் வெறும் பெயராக எங்கேனும் ஒப்படைக்கப்பட்ட ஃபங்ஷன்கள் எவை? அந்தப் பத்திக்கான சந்தேக நபர்கள் அவர்கள்தான்.