வீட்டு இலக்கம்

நிதித் தொழில்நுட்பக் கம்பனியில் வேலை என்றதும் மற்ற மென்பொருள்காரர்கள் கேட்பது இரண்டு கேள்விகள்தான். சம்பளம் எப்படி? ராத்திரியில் எத்தனை தரம் எழுப்புவார்கள்? இரண்டிலும் நியாயம் இருக்கிறது. கொழும்பில் பணத்தோடு புழங்கும் கம்பனிகளில் சம்பளம் மோசமில்லை. ஆனால் மாதக் கடைசியில் நாங்கள் நிம்மதியாகத் தூங்குவதில்லை. விளையாட்டுச் செயலி செய்யும் நண்பர் நினைத்த நேரத்தில் புதிய பதிப்பை வெளியிடுகிறார். எங்களுக்கோ ஒரு வரி கோட் மாற்றவும் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஓடிட் வரும்போது ஏன் மாற்றினோம் என்று காட்டப் பதிவும் இருக்க வேண்டும். சம்பள நாட்களை ஒட்டி எதிலும் கை வைக்கவே விடமாட்டார்கள். இந்த ஆமை வேகம் ஒத்துவராமல் வேலையை விட்டுப் போனவர்கள் என் கூட்டாளிகளிலேயே உண்டு.

எனக்கு அந்த நிதானத்தின்மேல் மரியாதை இருக்கிறது. நான் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். பேரேட்டில் விழும் ஓர் எண் அடுப்படிவரை வந்து சேரும் என்பதை அங்கே சின்ன வயதிலேயே கண்டுகொள்ளலாம். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கிலோ கழிப்பார்கள். குறித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். சம்பளத் துண்டில் சேமலாப நிதிக்கு 8 வீதம், தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி அட்வான்ஸ், தேயிலைத் தூள் என்று கழித்ததெல்லாம் போகத்தான் மிச்சம்.

அம்மா அன்றன்றைய கிலோவைச் சுவர்க் கலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதி வைப்பார். அரைப் பேர் என்றால் பக்கத்தில் ஒரு கோடு. சம்பளத்தன்று துண்டையும் கலண்டரையும் என் முன்னால் வைத்து, "கூட்டிப் பாரு தம்பி" என்பார். ஒரு மாதம் பேர் குறைந்திருந்தது. ஆபீசுக்குப் போய்க் கேட்டதற்கு, "செக்ரோல்ல இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வரவுப் பதிவேட்டில் இல்லையென்றால் அவர் அன்று மலைக்குப் போகவே இல்லை என்றாகிவிட்டது. கலண்டரை யாரும் கேட்கவில்லை.

இன்று நான் செய்யும் ரிகன்சிலேஷன் என்ற கணக்கு ஒப்பிடும் வேலைக்கும் அந்தக் கலண்டருக்கும் அடிப்படையில் வித்தியாசமில்லை. லங்காபே வலையமைப்பு வழியாக வங்கிக்கு வங்கி உடனுக்குடன் காசு அனுப்பும் வசதி 2015இல் வந்தது. ஒருவர் காசு அனுப்புகிறார், அவர் கணக்கில் கழிந்துவிடுகிறது, மறுபக்கத்திலிருந்து மட்டும் பதில் வரவில்லை. போனதா, போகவில்லையா? அந்தக் கணத்தில் இயந்திரத்துக்கும் தெரியாது. அவசரப்பட்டு மறுபடி அனுப்பினால் இரண்டு தரம் போய்விடலாம். அதனால் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் தனி இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் திரும்ப வந்தால் புதிதாக எண்ணாதபடி எழுதுகிறோம். ரூபாயைத் தசமத்தில் வைக்காமல் சதங்களாக, முழு எண்ணாக வைக்கிறோம். கணினியின் இரும எண்முறையில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் துல்லியமாக எழுத முடியாது. ராத்திரியில் எங்கள் ஏட்டையும் வங்கியின் ஏட்டையும் வரிக்கு வரி ஒப்பிடுகிறோம். ஒரு சதம் இடித்தாலும் காரணம் தெரியும்வரை விடுவதில்லை.

பணத்தோடு புழங்கும் மென்பொருள் எழுதுவதில் இந்த நாட்டுக்காரர்கள் சளைத்தவர்கள் இல்லை. 1996இல் இங்கே தொடங்கிய மில்லேனியம் ஐ.டி. என்ற மென்பொருள் கம்பனியை லண்டன் பங்குச் சந்தை 2009இல் விலைக்கு வாங்கியது. 2011 பெப்ரவரியிலிருந்து லண்டன் சந்தையின் பங்கு வர்த்தகமே அந்தக் கம்பனியின் மென்பொருளில்தான் ஓடுகிறது. மாலபேயில் உட்கார்ந்து எழுதிய கோட் அது. எங்கள் தொழிலில் அந்தப் பெருமை இல்லாதவர் இல்லை.

ஆனால் அந்தப் பெருமையைவிட என்னைப் பாதித்தது பிரித்தானியாவின் அஞ்சலகக் கதை. ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் காசு குறைகிறது என்று காட்டியதை நம்பி, 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் அதிகமான துணை அஞ்சலகப் பொறுப்பாளர்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். மென்பொருளில்தான் கோளாறு என்று மேல் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பரில். செக்ரோலில் இல்லையே என்ற அதே பதில், இன்னொரு நாட்டில், கணினி வழியாக. எங்கள் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் வேறெதற்கும் முன்னால் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

பிழையே இல்லாத கோட்கூட ஆளை ஒதுக்கும். கடன் விண்ணப்பப் படிவமொன்றில் வீட்டு இலக்கம் கட்டாயம் என்று வைத்திருந்தோம். கூடவே, ஒரே முகவரியிலிருந்து பல விண்ணப்பங்கள் வந்தால் மோசடி என்று சந்தேகிக்கும் ஒரு விதி. கொழும்பில் இரண்டுமே நியாயம். ஆனால் லயத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் காம்பராவுக்கும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். தோட்டத்தின் ஒரு டிவிஷனே ஒரே முகவரியில் இருக்கிறது. எங்கள் விதியின் கண்ணுக்கு அத்தனை பேரும் சேர்ந்து ஒரு மோசடிக்காரர்! எங்கள் கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை இப்போது ஹோட்டல். அங்கே தங்கும் வெளிநாட்டுக்காரர் அட்டையை நீட்டினால் சில செக்கன்களில் காரியம் முடியும். அதே மலையில் கொழுந்து பறிப்பவரின் விண்ணப்பம் ஆள் பார்க்குமுன்பே தள்ளுபடியாகும்.

முன்னொரு காலத்தில் தோட்டங்களில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்க்காமல், அல்லது வேறு தோட்டம் அதை ஏற்காமல், தொழிலாளி தோட்டம் மாற முடியாது. கடன் தொகை எழுதிய சீட்டும் அவர் பின்னாலேயே போகும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஒருவரின் கடன் சரித்திரத்தை வைத்து அவருக்குப் புள்ளி போடும் கோட் எழுதும்போது எனக்கு அந்தச் சீட்டு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அந்த முகவரிப் பிரச்சினையைக் கூட்டத்தில் சொன்னபோது, "வீட்டுக்கு இலக்கம் இல்லாமல் எப்படி?" என்று ஒருவர் கேட்டார். கெட்ட எண்ணமில்லை, அவர் லயத்தைப் பார்த்ததில்லை. லயம் வரைந்து காட்டினேன். இப்போது படிவத்தில் தோட்டம், டிவிஷன், லயம் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. தோட்ட முகவரியென்றால் அந்த மோசடி விதி ஓடாது.

இன்னொன்று, குறுஞ்செய்தி விஷயம், இன்னும் முடியவில்லை. காசு போட்டால் அம்மாவின் போனுக்கு ஆங்கிலத்தில்தான் செய்தி வருகிறது. பக்கத்துக் காம்பராப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறார். தமிழில் அனுப்பினால் செலவு கூடும் என்பது கம்பனிகளின் வாதம். அது பொய்யில்லை. ஆங்கிலமென்றால் ஒரு செய்தியில் 160 எழுத்துகள் கொள்ளும், தமிழென்றால் 70 குறிகள்தான். புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. நீட்டி எழுதினால் ஒரு செய்தி இரண்டாகிவிடும். சுருக்கி எழுதலாமே! அடுத்த கூட்டத்துக்கு இதை எடுத்துப் போகிறேன்: "ரூ.10,000 கணக்கில் சேர்ந்தது. மீதி ரூ.12,450." புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து 45.