பேச்சு இல்லை, பாட்டு உண்டு!

1981-ம் ஆண்டு, செப்டம்பர் 19, சனிக்கிழமை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் புல்வெளியில் 5 லட்சம் பேர் கூடினார்கள் என்று அன்றைக்குக் கணக்குச் சொன்னார்கள். டிக்கெட் கிடையாது. நகர நிர்வாகம் பணமில்லாமல் தடுமாறிய காலம் அது. பூங்கா பராமரிப்பு இல்லாமல் கிடந்தது. கச்சேரியை இலவசமாக நடத்தி, டி.வி., வீடியோ உரிமையில் வரும் பணத்தைப் பூங்காவுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு.

மேயர் எட் காச் மேடைக்கு வந்து இரண்டு பெயர்களை மட்டும் சொன்னார். பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் இருவரும் வந்தார்கள். கை குலுக்கிக்கொண்டார்கள். ‘மிஸஸ் ராபின்சன்’ தொடங்கிவிட்டது. இருவருக்கும் அப்போது 39 வயது. ஜோடியாகப் பாடுவதை நிறுத்தி 11 வருடங்கள் ஆகியிருந்தன. நடுவில் ஓரிரு தடவை ஒன்றாகத் தலைகாட்டியதுண்டு. ஆனால், முழுக் கச்சேரி என்று இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் நின்றது அன்றுதான்.

அதன் பதிவு 1982 பிப்ரவரியில் இரட்டை இசைத்தட்டாக வந்தது. ‘தி கான்சர்ட் இன் சென்ட்ரல் பார்க்’ என்று தேடினால் இப்போது போனிலேயே கிடைக்கும். கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் ‘ஆஹா, நட்பு!’ என்று உருகுவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

இவர்கள் கதை பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ நாடகத்தில் சைமன் முயல், கார்ஃபங்கல் பூனை. பிறகு எவர்லி பிரதர்ஸ் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து, சொல்லை எங்கே தொடங்குகிறோம், எங்கே முடிக்கிறோம் என்று சேர்ந்து பயிற்சி செய்வார்களாம். 1957-ல், 16 வயதில், ‘டாம் அண்ட் ஜெர்ரி’ என்ற பெயரில் ஒரு பாட்டு ஓரளவு ஓடியது. அடுத்த வருடமே சைமன் இவரிடம் சொல்லாமல் தனியாக ஒரு பாட்டுப் பதிவு செய்துவிட்டார். கார்ஃபங்கல் அதை வயதான பிறகும் மறக்கவில்லை.

சைமனுக்கும் ஒரு முள் இருந்தது. ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’ சைமன் எழுதியது. பாடியது கார்ஃபங்கல். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும்போது, மேடை ஓரத்தில் நின்றபடி ‘இது நான் எழுதின பாட்டு’ என்று மனதுக்குள் நினைத்ததைச் சைமனே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். சமையல் ஒருத்தி, பரிமாறுவது ஒருத்தி என்று இருக்கும் வீட்டில் பாராட்டு யாருக்குப் போகும் என்று நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ட்ரல் பார்க் ஒத்திகையும் சுமுகமாக நடக்கவில்லை. இரண்டு குரல், ஒரு கிடார், அவ்வளவு போதும் என்றார் கார்ஃபங்கல். சைமனுக்கு விரலில் கோளாறு, முழுக் கச்சேரிக்கும் தானே வாசிக்க முடியாது. தவிர, தனியாக எழுதிய புதுப் பாட்டுகளுக்கு வாத்தியங்கள் வேண்டும் என்றார். கடைசியில் 11 பேர் கொண்ட வாத்தியக் குழு வந்தது.

அந்தப் புதுப் பாட்டுகள்தான் என்னை இந்த ஆல்பத்தில் பிடித்து உட்கார வைத்தவை. ‘அமெரிக்கன் டியூன்’ என்று ஒன்று. பாக் பயன்படுத்திய பழைய தேவாலய மெட்டின்மேல் சைமன் கட்டியது. 1973-ல் தனி ஆல்பத்தில் வெளியிட்டார். பிரிந்த பிறகு, இவர் தேவையில்லை என்று ஆன பிறகு, எழுதிய பாட்டு. சென்ட்ரல் பார்க்கில் அதற்குள் கார்ஃபங்கலின் குரல் வருகிறது. அந்தக் குரலுக்கென்று முதலிலேயே இடம் விட்டு வைத்திருந்ததுபோல இருக்கிறது. ஒரு சொல்லைச் சைமன் நீட்டினால் இவரும் அதே அளவு நீட்டுகிறார். ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள். மனஸ்தாபம் மனதில் இருக்கிறது, மூச்சில் இல்லை.

இது எனக்குப் புரிந்ததற்குக் காரணம் என் அம்மா.

அம்மா பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம் படுக்கையில் இருந்தாள். அப்போது எனக்கும் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. காரணம் ஊர் வீடு. அதற்குமேல் வேண்டாம், உங்கள் தெருவிலும் இதே கதை இரண்டு வீட்டில் இருக்கும். ராத்திரி நான், பகல் அக்கா என்று முறை வைத்துக்கொண்டோம். அதைக்கூட மாமாதான் நடுவில் நின்று முடிவு செய்தார். ஜன்னல் திட்டில் ஒரு நோட்டு. ‘பிரஷர் மாத்திரை கொடுத்தாச்சு’, ‘கஞ்சி அரை டம்ளர்தான் இறங்கிச்சு’, ‘முதுகுல சிவப்பா இருக்கு, பவுடர் போடணும்’. எட்டு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் அந்த நோட்டில்தான்.

தினமும் காலை ஆறு மணிக்கு முறை மாறும். அந்த நேரத்தில்தான் அம்மாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். ஒரு ஆளால் முடியாது. அக்கா அக்குளுக்கடியில் கைகொடுப்பாள், நான் முழங்காலுக்கடியில். “ஒண்ணு, ரெண்டு, மூணு.” மூணுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். ஒருத்தி அரை நொடி முந்தினாலும் அம்மாவுக்கு வலிக்கும். முதல் வாரம் வலித்தது. பிறகு எண்ணவே தேவைப்படவில்லை. அக்கா மூச்சை இழுப்பது கேட்கும், என் கை தானாக எழும்பும்.

இந்த ஆல்பத்தை எனக்கு அனுப்பியவன் அக்கா மகன். கிடார் கற்றுக்கொள்கிறவன். பெரியவர்கள் சண்டையை அவன் கண்டுகொள்வதில்லை. “சித்தி, ராத்திரி முழிச்சிருப்பீங்கல்ல, இதைக் கேளுங்க” என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தது. ஒரு காதில் பாட்டு, இன்னொரு காது அம்மாவுக்கு. பாதி வார்த்தை பிடிபடாது. ஆனால், அந்த மூச்சு பிடிபட்டது.

மாசியில் அம்மா போய்விட்டாள். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். “உங்களைச் சேத்து வெச்சுட்டுத்தான் போயிருக்கா.” நாங்கள் இருவரும் தலையை ஆட்டினோம். காரியம் முடிந்ததும் அக்கா பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை, அவளிடமிருந்தும் என்னிடமிருந்தும்.

சைமன், கார்ஃபங்கல் விஷயத்திலும் ஊர் அப்படித்தான் நினைத்தது. கச்சேரி தந்த வேகத்தில் உலகச் சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். சேர்ந்து ஒரு புது ஆல்பமும் தயாரானது. கார்ஃபங்கல் பாடியும் கொடுத்தார். ஆனால், இந்தப் பாட்டுகள் என் சொந்த வாழ்க்கை, நானேதான் பாட வேண்டும் என்று சைமனுக்குத் தோன்றிவிட்டது. கார்ஃபங்கல் குரலை அழித்துவிட்டு, 1983-ல் ‘ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்’ என்று தன் பெயரில் மட்டும் வெளியிட்டார். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2003-ல் மறுபடி சேர்ந்து ஊர் ஊராகப் பாடினார்கள். 2010-க்குப் பிறகு அதுவும் நின்றுபோனது.

எவர்லி பிரதர்ஸ் பற்றிச் சொன்னேனே, அவர்கள் கூடப்பிறந்தவர்கள். 1973-ல் மேடையிலேயே சண்டை போட்டுப் பிரிந்து, பத்து வருடம் கழித்து லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி சேர்ந்து பாடினார்கள். அதுவும் இசைத்தட்டாக வந்தது. கூடப்பிறந்தவர்களுக்கே அந்தக் கதி!

சென்ட்ரல் பார்க் கச்சேரியில் ‘ஓல்ட் ஃபிரெண்ட்ஸ்’ என்று ஒரு பாட்டு வரும். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு கிழவர்களைப் பற்றியது. எழுபது வயது எப்படி இருக்குமோ என்று இளைஞர்கள் யோசித்து 1968-ல் வெளியிட்டது. இப்போது இருவரும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். 2024-ல், வெகுகாலத்துக்குப் பிறகு சைமனோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டதாகவும், கண்ணீர் வந்ததாகவும் கார்ஃபங்கல் ஒரு பேட்டியில் சொன்னார். பாடினார்களா என்று தெரியவில்லை.

கேட்பதாக இருந்தால் ‘அமெரிக்கன் டியூன்’ முதலில் கேளுங்கள், ஹெட்போன் போட்டுக்கொண்டு. ‘தி பாக்ஸர்’ அதற்குப் பிறகு. பழைய இசைத்தட்டில் இல்லாத ஒரு சரணத்தை அன்றைக்கு அதில் சேர்த்துப் பாடியிருப்பார்கள். கூட்டம் அங்கே ஒரு கூச்சல் போடும், அந்த இடத்தில் மட்டும் ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.