பெரும்பாடு

நம் பாட்டியார் எதனால் இறந்தார் என்று சிறுவயதில் கேட்டபோதெல்லாம் வீட்டில் கிடைத்த விடை ஒன்றே: "பெரும்பாடு." அதற்குமேல் எவரும் பேசமாட்டார்கள். அச்சொல்லுக்குப் பெருந்துன்பம் என்றே நாம் நெடுங்காலம் பொருள் கொண்டிருந்தோம். முதுகலை பயின்ற நாட்களில், நூலகத்தில் அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில்தான், மகளிர்க்கு உண்டாகும் மிகுதியான உதிரப்போக்கை மருத்துவ வழக்கில் அப்பெயரால் குறிப்பர் என்று அறிந்தோம். பாட்டியார் மறைந்தது 1971இல். அப்போது அவருக்கு வயது 48.

பெரியம்மாவின் கதையை நாமே கண்ணால் கண்டோம். 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று அவர் பானையருகே வராமல் திண்ணையிலேயே அமர்ந்திருந்தார். மாதவிலக்கு நின்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. ஏன் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடி, இந்த வயசுல திரும்பவும் வந்திருக்கு. உடம்புச் சூடு" என்றார். வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடித்து வந்தார். தீட்டு என்று ஒதுங்கி அமர்ந்தாரே அன்றி, நோய் என்று எவரிடமும் சொல்லவில்லை. பத்து மாதங்கள் கழித்து மருத்துவமனைக்குச் சென்றபோது, கருப்பையின் உட்சவ்வில் தோன்றிய புற்று அப்பையின் எல்லையைக் கடந்திருந்தது. அடுத்த ஆண்டு மறைந்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் "வயிற்றில் கட்டி" என்று சொல்லும்படி நமக்குச் சொல்லப்பட்டது. நாமும் அவ்வாறே சொன்னோம். அந்தக் குற்றவுணர்வே இக்கட்டுரையின் தொடக்கம்.

மருத்துவம் நம் துறையன்று. எனினும் ஒரு பாடத்தை அதன் மூலம் வரை சென்று பார்க்கும் பழக்கம் தமிழ் கற்றோருக்கு உண்டு. அவ்வகையில் இந்நோயைப் பற்றிச் சில ஆண்டுகளாகப் படித்து வந்ததை இங்கு எழுதுகிறோம்.

முதலில், பெரியம்மா சொன்ன "திரும்பவும் வந்திருக்கு" என்பதைப் பற்றி. மாதவிலக்கு நின்றபின் தோன்றும் உதிரப்போக்கு இந்நோயின் முதல் அறிவிப்பு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, மாதவிலக்கு நின்றபின் இந்நோய்க்கு ஆளாகும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இவ்வறிகுறி தோன்றுகிறது என்கிறது. அதே வேளையில், இவ்வறிகுறியோடு வரும் பெண்கள் நூறு பேரில் சுமார் 9 பேருக்கே புற்று இருக்கும். ஏனையோருக்குக் காரணம் வேறு. ஆகவே அஞ்சி நடுங்கவும் வேண்டியதில்லை, ஆறப்போடவும் கூடாது. ஸ்கேனில் உட்சவ்வின் தடிப்பைக் காணலாம். சிறு துணுக்குத் திசுவை எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். நோய் கருப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டால் பெரும்பாலோர் அறுவை மருத்துவத்தாலேயே பிழைக்கின்றனர். கருப்பை வாய்ப் புற்றுக்காகச் செய்யப்படும் பாப் சோதனை இதனைக் கண்டறிவதற்கு உரியதன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, "போன வருஷம்தான் டெஸ்ட் எடுத்தேன்" என்று அமைதி கொள்வோர் நம்மிடையே பலர்.

காரணம் என்ன? ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு உட்சவ்வை வளரச் செய்கிறது. புரோஜெஸ்டிரான் அதனைக் கட்டுக்குள் வைக்கிறது. இரண்டாவது இன்றி முதலாவது மட்டும் நெடுங்காலம் செயற்பட்டால் ஆபத்து. அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளை மட்டும் தாராளமாகக் கொடுத்துவந்த காலத்தில், 1975ஆம் ஆண்டு ஒரே மருத்துவ இதழில் வெளியான இரு ஆய்வுகள் அம்மாத்திரைக்கும் இப்புற்றுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தின. மாதவிலக்கு நின்ற பிறகு உடற்கொழுப்பே ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் இடமாகிறது. உடற்பருமன் மிகும் நாடுகளில் இந்நோயும் மிகுவதற்கு இது ஒரு காரணம். மார்பகப் புற்றுக்குத் தரப்படும் டமாக்சிஃபென் மருந்தும் மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்து, கருப்பையில் அதனைப் போலவே நடந்துகொள்ளும் இருமுகம் உடையது.

ஆனால் பெரியம்மா மெலிந்த உடலினர். மாத்திரை எதுவும் உண்டவரல்லர். அவர் கதையின் மூலம் வேறோர் இடத்தில் இருந்தது.

*

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் நோயியல் அறிஞர் ஆல்ட்ரெட் வார்த்தின், தையல் வேலை செய்து வந்த பாலின் கிராஸ் என்னும் பெண்ணோடு உரையாட நேர்ந்தது. அவள் முகவாட்டத்தின் காரணத்தை அவர் கேட்டார். தன் குடும்பத்தில் பலரும் வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து மாண்டனர் என்றும், தானும் அவ்வாறே இளவயதில் சாவது உறுதி என்றும் அவள் சொன்னாள். அவர் அதனை ஒரு பெண்ணின் மனக்கலக்கம் என்று ஒதுக்கவில்லை. அவளும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்து வந்த தன் குடும்பத்தின் வழிமுறையைக் கிளைகிளையாகத் திரட்டி அவருக்குக் கொடுத்தாள். 1913இல் வார்த்தின் அதனை வெளியிட்டார். மருத்துவ வரலாற்றில் அக்குடும்பத்துக்கு "ஜி குடும்பம்" என்று பெயர். 1919இல் பாலின் தான் சொன்னபடியே இறந்தாள். நோய், கருப்பை உட்சவ்வுப் புற்று.

தன் சாவைத் தானே முன்னறிந்து, அந்த அறிவைப் பிறர்க்கு ஏடாக்கித் தந்து சென்ற அத்தையற்காரியை எண்ணுந்தோறும் நமக்குப் பாட்டியாரின் நினைவு வரும். பாட்டியாரிடம் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த ஏடு பல்லாண்டுகள் உறங்கிற்று. புற்று குடும்பவழி வரும் என்பதை நெடுங்காலம் மருத்துவ உலகம் ஏற்கவில்லை. 1962இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில், இளவயதில் குத்துச்சண்டை வீரராக இருந்து மருத்துவரான ஹென்றி லிஞ்ச், குடிநோயாளி ஒருவரைச் சந்தித்தார். ஏன் இப்படிக் குடிக்கிறீர் என்றதற்கு, என் குடும்பத்தார் அனைவரும் குடற்புற்றால் சாகின்றனர், நானும் சாகத்தானே போகிறேன் என்னும் பொருளில் விடை வந்தது. லிஞ்ச் அக்குடும்பத்தைத் தேடிப் புறப்பட்டார். 1966இல் இரு பெருங்குடும்பங்களின் வரலாற்றைத் தம் குழுவினரோடு வெளியிட்டார். பின்னர் மிச்சிகனில் காத்துவைக்கப்பட்டிருந்த வார்த்தினின் குறிப்புகளைப் பெற்று, சமூகப் பணியாளர் ஆன் கிரஷ் உடன்வர, 1971இல் ஜி குடும்பத்தின் கதையைத் தொடர்ந்து எழுதினார். பாட்டியார் இறந்த அதே ஆண்டு. ஆய்வுக்கான நிதி பலமுறை மறுக்கப்பட்டும் அவர் விடவில்லை. 2019இல் அவர் மறைந்தபோது அந்நோய்க்கு அவர் பெயரே வழங்கியது: லிஞ்ச் நோய்க்குறி.

*

அதன் மரபணு விளக்கத்தைப் படித்தபோது, இது நம் துறைக்கு இவ்வளவு அருகிலுள்ள செய்தியா என்று வியந்தோம்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது நம்மவர் வழக்கு. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் ஏட்டுக்கு ஏடு ஒப்புநோக்கிப் பட்ட பாட்டைத் தமிழ் மாணவர் அறிவர். உயிரணு பிளவுபடும்போதெல்லாம் அதனுள் உள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட ஏடு முழுவதும் பெயர்த்தெழுதப்படுகிறது. எழுதும் நொதியே தவறான எழுத்தை உடனே அழித்துத் திருத்தும், அது முதற்காவல். எழுதி முடித்தபின் ஒப்புநோக்கி எஞ்சிய பிழைகளைக் களையும் மரபணுக்கள் தனியே உள்ளன. அவை இரண்டாம் காவல். எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்பன அவற்றுள் தலையாயவை. முதலாவதை 1993இலும் இரண்டாவதை 1994இலும் கண்டறிந்தனர். ஜி குடும்பத்தைச் சூழ்ந்த கேடு எம்.எஸ்.எச்.2இல் உள்ளது என்பது 2000ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. பாலின் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்க 105 ஆண்டுகள்.

ஒரே தொடர் அடுத்தடுத்து வரும் இடத்தில் ஏடெழுதுவோன் எண்ணிக்கை தவறுவான். டி.என்.ஏ.விலும் ஓரிரு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களிலேயே இவ்வழு மிகுகிறது. திருத்துவோர் இல்லாத கட்டியை அவ்விடங்களைக் கொண்டே இனங்காண்கின்றனர். இம்மரபணுக்கள் ஒவ்வொன்றிலும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு படிகள் நமக்கு உண்டு. ஒரு படி பழுதாகவே பிறந்தவருக்கு, மற்றொன்றும் ஏதேனும் ஓர் உயிரணுவில் பழுதானால் அங்கே புற்று தொடங்கலாம். பழுதான படி மக்களுக்குச் செல்லும் வாய்ப்பு சரிபாதி. மாமாவுக்குக் குடலிலும் பெரியம்மாவுக்குக் கருப்பையிலும் வந்தவை ஒரே வேரின் இரு கிளைகள்.

இப்புற்றுக்கு ஆளாவோரில் நூற்றில் சுமார் 3 பேருக்கே இக்குடும்பப் பழுது காரணம் என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் அந்த ஆய்வு அனைவர்க்கும் பயன்பட்டது. 2013இல் வெளியான பெரும் மரபணு ஆய்வு ஒன்று, 373 கட்டிகளைப் பயின்று அவற்றை நான்கு வகையாகப் பிரித்தது. அதில் ஒரு விந்தை. முதற்காவலாகிய போல்-ஈ மரபணு கெட்டு, அளவிறந்த பிழைகள் மலிந்த கட்டிகளை உடையோரே மிக நன்றாகப் பிழைத்திருந்தனர். அத்துணைப் பிழையுள்ள ஏட்டை உடலின் காவலர்கள் அயலார் கையெழுத்து என்று அறிந்து தாக்குவதே இதற்குக் காரணம் என்று கருதுகின்றனர். இரண்டாம் காவல் கெட்ட கட்டிகளிலும் இவ்வியல்பு உண்டு. அக்காவலர்களைக் கட்டிவைத்திருக்கும் தளையை அவிழ்க்கும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்துக்கு, புற்று எவ்வுறுப்பில் தோன்றியிருப்பினும் இப்பழுது இருந்தால் தரலாம் என்று 2017இல் அமெரிக்கா இசைவளித்தது. அம்மருந்தையோ டோஸ்டார்லிமாப்பையோ கீமோவோடு சேர்த்துத் தந்தால், முற்றிய உட்சவ்வுப் புற்றிலும், குறிப்பாகப் பழுதுள்ள கட்டிகளில், நோய் மீண்டும் தலைதூக்குவது பெரிதும் தள்ளிப்போகிறது என்று 2023இல் இரு பெரும் ஆய்வுகள் காட்டின. பெரியம்மாவின் காலத்தில் இவை இல்லை.

*

மாமாவுக்கு 46 வயதில் குடலில் அறுவை நடந்தது. 2021இல் குடலின் வேறொரு பகுதியில் மீண்டும் கட்டி. இம்முறை இளம் மருத்துவர் ஒருவர், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது?" என்று கேட்டார். மாமா "இல்லை" என்றார். உடனிருந்த நாம் "உண்டு" என்றோம். எம்.எஸ்.எச்.2 என்று சோதனை சொன்னது. அன்னையாருக்கும் அப்பழுது இருந்தது. 41 வயதில் நார்க்கட்டிக்காகக் கருப்பையை எடுத்தது எவரும் அறியாமல் அவரைக் காத்திருக்கிறது. அதன்பின் நாமும் குருதி கொடுத்தோம். நமக்கும் உண்டு.

மகப்பேறு முடிந்த பெண்கள் கருப்பையையும் சூலகங்களையும் முன்கூட்டியே எடுத்துவிடலாம். குடலை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை உள்நோக்கிக் காணவேண்டும். இது மருத்துவர் தந்த அறிவுரை. வரும் மே விடுமுறையில் நமக்கு அறுவை.

எஞ்சியிருப்பவள் நம் தங்கை. அவளிடம் சொன்ன அன்று, "அக்கா, இந்தப் பேச்சை இதோட விட்டுடு. பொண்ணுக்கு இடம் பார்த்துக்கிட்டிருக்கோம். வெளியில தெரிஞ்சா யார் வருவாங்க?" என்றாள். நமக்குச் சினம் வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தால், அவள் அச்சம் பொய்யன்று. வார்த்தினே கூட இத்தகைய குடும்பங்களைத் தாழ்ந்த வித்து என்று கருதும் இனமேம்பாட்டுக் கொள்கைக்கு ஆட்பட்டவர்தாம். பாலின் நம்பித் தந்த ஏடு அவளைக் காக்கவில்லை. அவள் குடும்பத்தின் மீதொரு முத்திரையும் விழுந்தது. அதே ஏடுதான் நூறாண்டுக்குப் பின் அக்குடும்பத்துப் பிள்ளைகளைக் காக்கிறது. இரண்டும் உண்மை. தங்கைக்கு முதலாவது தெரிகிறது. இரண்டாவதை நாம் சொல்லியாக வேண்டும்.

ஆகவே ஒரு படம் வரைந்தோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர்க்குக் கருமை தீட்டுவது மரபணு மருத்துவர்களின் வழக்கம். பாட்டியாரின் வட்டத்தைக் கருமையாக்கலாமா என்று நெடுநேரம் தயங்கி, பாதி தீட்டி, கேள்விக்குறி இட்டோம். தங்கை மகளின் வட்டம் வெறுமையாக உள்ளது. படத்தை உறையிலிட்டுத் தங்கையிடம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டாள், பிரிக்கவில்லை.

சென்ற வாரம் இக்கட்டுரையை அவளுக்குப் படித்துக்காட்டி, வெளியிடலாமா என்று கேட்டோம். வெகுநேரம் பேசாதிருந்தாள். "பேரைப் போடாதே" என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்தச் சோதனைக்கு வெறும் வயித்துல போகணுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றோம். சாப்பிட்டுவிட்டே போகலாம்.