கெட்ட வழி

ஸ்விட்சர்லாந்தின் கிழக்கே, கிராவ்புண்டன் மாநிலத்தில், துசிஸ் என்ற சிற்றூருக்கும் சில்லிஸ் என்ற கிராமத்திற்கும் நடுவில் ஆல்ப்ஸ் மலையை அறுத்துக்கொண்டு போகிறது ஹின்டர்ரைன் ஆறு. அந்த மலையிடுக்கின் பெயர் வியா மாலா. முதலில் கேட்டபோது எங்கள் தமிழ்க் காதில் பூமாலைதான் விழுந்தது. 'கெட்ட வழி' என்று பொருள் என்றான் தம்பி. அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். இருபது ஆண்டுகளாக மின்விசிறியின் கீழ் நின்றுகொண்டு பாலைத்திணை நடத்தியவர்கள். அருஞ்சுரம், கவர்த்த நெறி, வழிப்பறி செய்யும் மறவர் என்று மாணவர்களை அச்சுறுத்தியிருக்கிறோமே தவிர, பழனிப் படிக்கட்டைவிடக் கடினமான வழி எதிலும் எங்கள் கால் பட்டதில்லை. 2024 செப்டம்பரில் சூரிச்சில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, "ஒரு நாள் நடக்கலாம்" என்று அவன் அழைத்தான். மறுக்கக் காரணம் கிடைக்காமல் ஒப்புக்கொண்டோம்.

மறுக்க நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 2020 ஜூனில் அப்பா இறந்தார். பன்னாட்டு விமானங்கள் நின்றுபோயிருந்த காலம்; அவன் வராததை யாரும் குற்றமாகக் கொள்ளவில்லை. சடங்குகளைக் கைபேசியில் காட்டினோம். பாடையைத் தூக்கும் நேரத்தில் அவன் முகம் திரையிலிருந்து மறைந்தது. இணைப்பு அறுந்ததென்று திரும்பத் திரும்ப அழைத்தோம், எடுக்கவில்லை. மறுநாள் மாலைதான் பேசினான், அதுவும் பணம் அனுப்புவது பற்றி. நான்காண்டுகளில் நாங்கள் இருவரும் இதைப் பற்றி எத்தனையோ இரவுகள் பேசியிருக்கிறோம். அவனிடம் மட்டும் கேட்டதில்லை.

சூரிலிருந்து சிவப்பு நிறத்துச் சிறு ரயிலில் துசிஸ் வந்து இறங்கி, ஆற்றைக் கடந்து காட்டுக்குள் ஏறினோம். முதல் ஏற்றம் ஹோஹென் ரேட்டியன் கோட்டை வரை. ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில் நிற்கும் பழைய கோபுரம். அதற்குப் பிறகு வழி ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கியது. காலடியில் உதிரும் பலகைக் கற்கள், குறுக்கே பின்னிக் கிடக்கும் ஊசியிலை மரங்களின் வேர்கள். ஆற்றின் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆறு கண்ணில் படவில்லை. அரை நாளில் எதிரே வந்தவர்கள் இரண்டே பேர். இத்தகைய வழியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. எங்களுக்கு அது வசதியாகவே இருந்தது.

திராவெர்சினா ஓடையின் பிளவுக்கு வந்தபோது தம்பி நின்றான். அங்கே ஒரு பாலம் தொங்குகிறது. பாலமென்பதைவிட, கம்பிகளில் கட்டித் தொங்கவிட்ட மரப்படிக்கட்டு எனலாம். இரு கரைகளுக்கும் உயர வேறுபாடு 22 மீட்டர். யூர்க் கொன்செட் என்ற பொறியாளர் 1996இல் இந்தப் பிளவின்மேல் முதலில் ஒரு பாலம் அமைத்தார். ஹெலிகாப்டரில் கொண்டுவந்து பொருத்தினார்களாம். 1999இல் மலையிலிருந்து சரிந்த பாறைகள் அதை நொறுக்கின. 2005இல் மறுபடி கட்டினார். அதே இடத்தில் அன்று, பாறை விழாத இடமாகப் பார்த்துச் சற்றுத் தள்ளி, வேறொரு வடிவத்தில். அந்தப் படிகளில் கால் வைத்ததும் எங்கள் வீரம் போய்விட்டது. கைப்பிடியை விடாமல், கீழே பாராமல், ஒவ்வொரு படியாக எண்ணத் தொடங்கி எண்ணிக்கையும் தவறிப்போய், மறுகரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

தண்ணீர்ப் புட்டியை நீட்டியபடி அவன் சொன்னான்: "அன்னைக்கு இங்கதான் வந்தேன், அண்ணி. அப்பாவைத் தூக்கினப்ப பார்க்க முடியலை. ஃபோனை அணைச்சிட்டு முதல் ரயிலைப் பிடிச்சேன். இந்தப் படியில எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்னு தெரியாது."

நாங்கள் பேசவில்லை. அவனும் பதிலை எதிர்பார்த்தவனாகத் தெரியவில்லை. எழுந்து நடந்தான்.

அங்கிருந்து வியா மாலாவின் கழுத்துப் பகுதி. சுற்றுலாப் பயணிகள் சாலை வழியே வந்து இறங்குவது இங்கேதான். முந்நூறுக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால், 300 மீட்டர் வரை உயர்ந்த பாறைச்சுவர்களுக்கு அடியில், நீர் குடைந்து வழவழப்பாக்கிய குழிகளைப் பார்க்கலாம். 1473இல் துசிஸ், காட்சிஸ், மசைன் ஊரார் கூடி இந்த வழியைச் செப்பனிட உடன்படிக்கை எழுதினார்கள். பொதிவிலங்குகளின் கால்தடுக்கினால் சரக்கும் போகும், ஆளும் போவான். ஆயினும் கணவாய்களைத் தாண்டி இத்தாலிக்கு வணிகம் நடந்தாக வேண்டுமே. உப்பு வண்டியோட்டிய நம் உமணர்கள் நினைவுக்கு வந்தார்கள். வகுப்பில் அவர்களை ஒரு வரியில் கடந்துபோனதற்காகச் சற்று வெட்கப்பட்டோம்.

மேலே போனால் சுரான்சுன்ஸ் பாலம். இதுவும் கொன்செட் கட்டியதே. இழுத்துக் கட்டிய எஃகுப் பட்டைகளின்மேல் கற்பலகைகளை நெருக்கி அடுக்கியது, 40 மீட்டர் நீளம். கல் பாவிய தரை காலடியில் மெல்ல அதிர்வதை அங்கேதான் உணர்ந்தோம். இம்முறை தம்பி முன்னால் போகவில்லை; எங்களுக்கு நடுவில் நடந்தான்.

சில்லிஸ் தேவாலயத்தின் மரவிதானத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓவியங்கள், 153 கட்டங்கள். அண்ணாந்து கழுத்து நோகாதிருக்கக் கைக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள். குனிந்து கூரையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். துசிஸுக்குத் திரும்பும் மஞ்சள் பேருந்துக்கு நேரமிருந்தது. நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்திருக்கும்போது அவன் கேட்டான்:

"நான் ஃபோனை அணைச்சதுக்கு அப்புறம் என்ன நடந்தது?"

மயானத்துக்குப் போனவர் அங்கே நடந்ததையும், வீட்டிலிருந்தவர் வீட்டில் நடந்ததையும் மாற்றி மாற்றிச் சொன்னோம். இருபது பேருக்கு மேல் கூடக்கூடாதென்று தெருவாசலிலேயே பலர் நின்றுவிட்டது. தோள் கொடுக்க ஆள் குறைந்தபோது எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்தது. மூன்று சுற்று சுற்றி உடைக்க வேண்டிய நீர்க்குடம் முதல் சுற்றிலேயே கைதவறி விழுந்தது. அதை நாங்கள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பேருந்து வந்து நின்றபோது பாதிதான் ஆகியிருந்தது. ஏறி, கடைசி வரிசையில் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து, மீதியைத் தொடர்ந்தோம்.