திருவக்கரை: பேக்கப் இல்லாத மரங்கள்

திருவக்கரைன்னா நிறைய பேருக்கு வக்ரகாளியம்மனும் பௌர்ணமி கூட்டமும்தான் ஞாபகத்துக்கு வரும். கோயிலுக்குப் பக்கத்துலயே ஒரு தேசிய கல்மரப் பூங்கா இருக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பராமரிக்கிற இடம். பாதிப் பேர் எட்டிக்கூட பார்க்கறதில்லை.

உள்ளே போனா செம்மண்ணும் முள்ளுச்செடியும்தான். நடுவுல அங்கங்கே வெட்டிப் போட்ட மாதிரி அடிமரங்கள். தட்டினா கல்லு! சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்களாம். கடலூர் மணற்கல்னு சொல்ற படிவப் பாறையில புதைஞ்சிருந்தவை. எதுலயும் வேரும் இல்லை, கிளையும் இல்லை. அதனால இங்கேயே வளர்ந்தது இல்லை, ஏதோ வெள்ளம் அடிச்சிட்டு வந்து மணல்ல புதைச்சிருக்குன்னு சொல்றாங்க.

நின்ன இடத்துலயே விழுந்திருந்தா கரையான் தின்னு மக்கிப் போயிருக்கும். புதைஞ்சதால தப்பிச்சது. நிலத்தடி நீர்ல கரைஞ்சிருந்த சிலிக்கா, மரம் மக்கறதுக்குள்ள செல் செல்லா உள்ளே புகுந்து படிஞ்சிடுச்சு. மரம் போயிடுச்சு, அதோட டிசைன் மட்டும் அப்படியே நிக்குது.

கூட வந்த நண்பன் கையளவு சில்லு ஒண்ணை எடுத்து பைக்குள்ள வச்சான்.

"டேய், எடுக்கக் கூடாதுடா."

"இவ்ளோ கெடக்கு, ஒண்ணு போனா என்னடா?"

நியாயமான கேள்விதான். ஆனா அந்தச் சில்லுலதான் விஷயமே இருக்கு. வெளிச்சம் ஊடுருவுற அளவுக்கு மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்புல வச்சா, தண்ணி போன குழாய்கள் தெரியும். அதை வச்சுத்தான் என்ன குடும்பம்னு கண்டுபிடிக்கறாங்க. புளி, ஆமணக்கு குடும்பத்து மரங்களெல்லாம் இங்கே இருந்திருக்கு. இதே கடலூர் மணற்கல்லுல, இன்னைக்கு மழைக்காடுகள்ல வளர்ற டிப்டெரோகார்ப் வகை மரங்களும் கிடைச்சிருக்கு. அப்படின்னா இந்தப் பக்கம் அன்னைக்கு எவ்ளோ மழை பெஞ்சிருக்கும், யோசிச்சுப் பாருங்க. இதைச் சொல்ல வேற சாட்சி யாரு இருக்கா?

நம்ம ஆபீஸ்ல ஒரு ஃபைல் அழிஞ்சா பேக்கப்லேர்ந்து எடுத்துக்கலாம். இதுக்கு ஒரே காப்பி. ஷோகேஸ்ல வச்சா அது வெறும் அழகான கல்லு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொன்னதும் நண்பன் முணுமுணுத்துக்கிட்டே கீழே வச்சான். எடுத்த இடத்துலயே வச்சானான்னுதான் தெரியலை. எந்த மரத்தோட சில்லுன்னு இனிமே யார் சொல்ல முடியும்?

அடுத்த தடவை மயிலம் பக்கம் போறவங்க ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்க. காலையிலயே போயிடுங்க, வெயில் தாங்காது. கையை வீசிக்கிட்டுப் போங்க, அப்படியே திரும்பி வாங்க.