மேரி என்பது பெண் பெயர் அல்ல

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து தெற்கே நடந்தால் தூண்களோடு நிற்கும் பெரிய வெள்ளைக் கட்டிடம் ஒன்று வரும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதை 'மேரி பில்டிங்' என்று கேள்விப்பட்டு, யாரோ ஒரு மேரியம்மாள் கட்டியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சில் 'மெரீ' என்றால் நகராட்சி அலுவலகம். நம் ஊர் வாயில் அது மேரி ஆகிவிட்டது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கே 'மேரி' என்று சொன்னால்தான் வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும்.

1870 வாக்கில் கட்டிய கட்டிடம் அது. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் நகராட்சிப் பதிவேட்டில்தான் ஏறும். என் பிறப்புச் சான்று பிரெஞ்சில் இருக்கிறது. என் தம்பி பிறந்தது 1954 நவம்பர் 1-க்குப் பிறகு. ஒரே தாய், ஒரே வீடு, ஆனால் இரண்டு பேரும் பிறந்தது இரண்டு ஆட்சியில். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. அப்பா கொடுக்கவில்லை. ஏன் என்று கடைசி வரை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்தக் கட்டிடம் 2014 நவம்பர் 29 அன்று, பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, மழையில் இடிந்து விழுந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். செங்கல்லும் சுண்ணாம்பும் குவிந்து கிடந்தன. பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு அதே வடிவத்தில், ஏறக்குறைய 15 கோடி ரூபாய் செலவில் திரும்பக் கட்டி, 2021-ல் திறந்தார்கள்.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "இது டூப்ளிகேட் ஐயா, அசல் போச்சு" என்பார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அசல் என்று பார்த்தால் கடற்கரைச் சாலையில் எது மிஞ்சும்? காந்தி சிலையைச் சுற்றியுள்ள கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்று கேட்டு வளர்ந்தோம். துய்ப்ளே சிலையும் இடம் மாறித்தான் இன்று தெற்குக் கோடியில் நிற்கிறது. 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம் 1979-ல் பணி முடித்து நம்மைப்போல் ஓய்வில் இருக்கிறது. பழைய இரும்புப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோனது. அதற்குப் பதிலாகக் கட்டிய பாலத்தின் ஒரு பகுதியை 2022 மார்ச்சில் கடல் இழுத்துக்கொண்டது. நாம் ஓடி விளையாடிய மணலே துறைமுகம் வந்தபின் கரைந்துபோய், கருங்கல் கொட்டி வைத்தார்கள்.

கல் போனால் கல் வைக்கலாம். பதினைந்து கோடி கொடுத்தாலும் கிடைக்காதது வேறு ஒன்று. போர் நினைவுச் சின்னத்தில் பிரெஞ்சில் எழுதியிருப்பதை நின்று படிப்பவர்கள் இன்று எத்தனை பேர்? முதல் உலகப் போரில் இங்கிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்களுக்கான கல் அது. ஜூலை 14 அன்று விளக்கு அலங்காரம் செய்கிறார்கள், கூட்டம் படம் எடுத்துக்கொள்கிறது. அந்தச் 'சொல்தா' குடும்பங்களின் கதை நம் வயதுக்காரர்களோடு நிற்கிறது.

மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி கிடையாது. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு நல்ல நேரம். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அப்படியே மேரி முன்னால் ஐந்து நிமிடம் நிறுத்தி, உங்கள் பெயர் எந்த மொழியில் பதிவானது, உங்கள் வீட்டில் யார் போனார்கள், யார் இங்கேயே இருந்தார்கள் என்று சொல்லுங்கள். பாரதி பூங்காவுக்குப் போனால் ஆயி மண்டபத்தைக் காட்டி, ஊருக்குத் தண்ணீர் வந்த கதையையும் சொல்லுங்கள்.

பிள்ளைகள் பாதியைத்தான் காதில் வாங்குவார்கள். பரவாயில்லை. என் அப்பா சொல்லாமல் போனதைவிட அது அதிகம்.